சங்குக்குள் சக்குலன்ட்: சிங்கப்பூர் வீட்டுக்கு ஏற்ற சங்குத்தொட்டி செய்வது எப்படி?

சங்குக்குள் நட்ட சக்குலன்ட் (சதைப்பற்றுச் செடி) மூன்றாவது வாரத்தில் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தால், எல்லாரும் செடியைத்தான் குறை சொல்வார்கள். சங்கைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்சுருளிலிருந்து இரண்டு கரண்டித் தண்ணீர் நாற்றத்தோடு கொட்டும். சங்கு தொட்டியாகப் படைக்கப்பட்ட பொருள் இல்லை. அதன் வளைவுகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீருக்கு வழி செய்துவிட்டால் மற்ற வேலைகள் எளிது. அதனால் இந்த வழிகாட்டியில் செடி பத்தாம் பகுதியில்தான் வருகிறது.

1. முதலில் நாள்கணக்கு

சனிக்கிழமை மதியம் தொடங்கி மாலைக்குள் முடித்துவிடலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. சங்கு வகைக்கு ஏறத்தாழ இரண்டரை வாரம் ஆகும். கை வேலை மொத்தமாகவே நான்கு மணி நேரம்தான். மீதியெல்லாம் ஊறுவதும் இறுகுவதும் காய்வதும்.

1 முதல் 3ஆம் நாள் வரை ஊறவைத்துக் கழுவுதல். 4ஆம் நாள் கால் ஒட்டுதல். 5ஆம் நாள் உள்சுருளை அடைத்தல். 7ஆம் நாள் துளையிட்டுச் சோதித்தல், அன்றே மறுபடி ஊறப்போடுதல். அன்று மாலையே செடியை வாங்கி வேரைக் கழுவி நிழலில் காயப்போடுதல். 11ஆம் நாள் நடுதல். 18ஆம் நாள் முதல் தண்ணீர்.

செடியை முதல் நாளே வாங்கிவிட்டால், அது கடைக்காரரின் ஈரக் கலவையில் பத்து நாள் உட்கார்ந்திருக்கும். சிலவற்றுக்கு அழுகல் அங்கேயே தொடங்கிவிடும். செடி கடைசியில் வரட்டும்.

2. எந்த ஓடு சரிவரும்

வாய் குறைந்தது 6 செ.மீ. அகலமும், உள்ளே 5 செ.மீ. ஆழமும் வேண்டும். இதற்குக் கீழே போனால் கலவை காற்றில் ஒரே நாளில் காய்ந்துவிடும், வேர் பிடிக்காது.

உருண்டை வயிறும் அகன்ற வட்ட வாயும் கொண்ட டர்போ சங்குதான் புதியவர்களுக்கு ஏற்றது. ஓடு தடிமன், துளையிடும்போது பொறுத்துக்கொள்ளும். மெலோ வகைச் சங்கு இன்னும் அகலமான வாய் கொண்டது. ஓடு மெல்லியது என்பதால் இரண்டாவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். டன் சங்கு பார்க்கப் பெரிதாக இருந்தாலும் முட்டையோடுபோல் உடையும். விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டு மேசையில் மிஞ்சும் கோங்கோங் (சிறு கடல் நத்தை) ஓட்டில் நட முடியுமா என்று பலர் கேட்பதுண்டு. அதன் வாய் வெறும் கீற்று. ஒரு சிறு கிளைத்துண்டுக்கு மேல் உள்ளே நுழையாது. ஸ்காலப் சிப்பியும் ஆழமில்லாதது. தட்டுபோலப் பயன்படும், தொட்டியாகாது. ஆனால் அபலோனி ஓடு நல்ல தொடக்கம். ஓரத்தில் வரிசையாக இயற்கைத் துளைகள் இருப்பதால், அந்தப் பக்கம் தாழ்வாகச் சாய்த்து வைத்தால் டிரில் எடுக்கவே வேண்டாம். பேரங்காடியில் ஓட்டோடு விற்கும் அபலோனி பெரும்பாலும் சிறியது, ஆழமும் குறைவு. சின்னஞ்சிறு ஹவார்த்தியா கன்று ஒன்றுக்குப் போதும். அபலோனி எடுத்தவர்கள் ஆறாம், ஏழாம் பகுதிகளைத் தாண்டிப் போகலாம்.

எங்கே எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி, பாசிர் ரிஸ் கடற்கரைப் பூங்காக்கள் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் உள்ளவை. அங்கே ஓடு பொறுக்கி எடுத்துவரக் கூடாது. காலி ஓடுதானே என்று தோன்றும். துறவி நண்டு அதில்தான் குடியிருக்கும். கைவினைப் பொருள் கடை, மீன் தொட்டிப் பொருள் கடை, வீட்டு அலமாரியில் தூசு படிந்து கிடக்கும் பழைய சுற்றுலாச் சங்கு இவையே போதும்.

இராமேஸ்வரத்திலிருந்தோ கன்னியாகுமரியிலிருந்தோ வாங்கிவர நினைப்பவர்கள் இனத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சில கடற்சங்குகளையும் காக்கிறது. ராட்சதச் சிப்பி, குயின் காங்க், அறைகள் கொண்ட நாட்டிலஸ் மூன்றும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டினால் சிக்கல்.

இன்னொன்று. பூஜை அறையிலிருந்த சங்கில் துளை போடாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் மனம் நோகும். அதோடு அந்தச் சங்கின் வாய் இந்த வேலைக்குக் குறுகலானதும்கூட.

வாங்குமுன் ஓட்டை விரல் நகத்தால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல ஓடு. மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. டிரில் வைத்ததும் அந்த விரிசல் ஓடும்.

3. கைவசம் இருக்க வேண்டியவை

பேட்டரியில் ஓடும் கை டிரில், 6 மி.மீ. வைரமுனை கொண்ட குழல் பிட். மின்கம்பி இணைத்த டிரில் வேண்டாம். தண்ணீர் விட்டுக்கொண்டே துளைக்கப் போகிறோம்.

பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின் ஒரு கட்டி. இரு கூறு கலந்து பிசையும் எப்பாக்சி புட்டி. வெள்ளை சிமென்ட் ஒரு சிறு பொட்டலம். பழைய பல்துலக்கி, சாப்ஸ்டிக் ஒரு ஜோடி, சிறு புனல், கொசுவலைத் துண்டு.

என்95 முகக்கவசம், கண் கவசம், ரப்பர் கையுறை. ஓட்டுத் தூள் மூக்கிலும் நுரையீரலிலும் எரிச்சல் உண்டாக்கும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது.

சமையலறை மின்தராசு, 1 கிராம் வரை காட்டுவது. இந்தப் பட்டியலில் பலர் அலட்சியம் செய்வது இதைத்தான். துளை சரியா, எப்போது தண்ணீர் விடலாம் என்ற இரண்டு கேள்விக்கும் இதுதான் பதில் சொல்லப்போகிறது.

4. உப்பும் நாற்றமும் போகக் கழுவுதல்

ஓட்டில் தங்கிய உப்பு வேரைக் கருக்கும். ஒரு வாளி நல்ல தண்ணீரில் மூழ்க வைத்து, மூன்று நாள், நாளுக்கொரு முறை தண்ணீர் மாற்றுங்கள். முதலில் கவிழ்த்தும் பிறகு நிமிர்த்தியும் மூழ்கவிட்டால்தான் சுருளுக்குள் அடைபட்ட காற்று வெளியேறி, தண்ணீர் முனைவரை போகும். வாளியை மூடி வையுங்கள். ஏடிஸ் கொசுவுக்குத் திறந்த வாளி அழைப்பிதழ்.

மூக்கில் வைத்து முகர்ந்தால் மீன் வாடை அடிக்கிறதா? முனைச் சுருளில் சதை மிச்சம் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடேற்றி, 5 நிமிடம் கொதிக்கவிட்டு, அதே தண்ணீரில் ஆறவிடுங்கள். கொதிக்கும் தண்ணீரில் நேராகப் போட்டால் விரியும்.

அதன்பின்னும் வாடை இருந்தால் வீட்டு பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து ஒரு மணி நேரம். பிறகு நல்ல தண்ணீரில் ஓர் இரவு. பிளீச் வாடை போகும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

வினிகர் ஊற்றிப் பளபளப்பாக்கச் சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள். ஓடு முழுக்கக் கால்சியம் கார்பனேட். வினிகர் அதைக் கரைக்கும். மேற்பரப்பு சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கும். பிளீச்சோடு வினிகர் கலந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் சாத்திய சிறு கழிவறையில் அது ஆபத்து.

5. உட்காரும் நிலையைத் தீர்மானித்து, கால் ஒட்டுங்கள்

துளை எங்கே போட வேண்டும் என்பது சங்கு எப்படி உட்காரும் என்பதைப் பொறுத்தது. துளைத்துவிட்டுப் பிறகு நிலையை மாற்றினால், துளை பக்கவாட்டில் போய்விடும். தண்ணீர் கீழே தேங்கும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் திருத்த முடியாதது இதுதான். ஒவ்வொரு புதுத் துளையும் ஓட்டைப் பலவீனமாக்கும்.

வாய் மேல்நோக்கி, வயிறு கீழே இருக்கும்படி வையுங்கள். கூர்முனை வாயின் ஓரத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கட்டும். அப்போது முனைப் பக்கத்துத் தண்ணீர் வயிற்றை நோக்கி வழியும். ஒரு மடித்த துண்டில் வைத்து இரண்டு மூன்று விதமாகச் சாய்த்துப் பாருங்கள். வாய்க்குள் ஒரு கைப்பிடி அரிசி போட்டு, கனம் ஏறினால் எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் பாருங்கள்.

நிலை பிடித்ததும் எப்பாக்சி புட்டியை நன்றாகப் பிசைந்து, சுண்டைக்காய் அளவில் மூன்று உருண்டை எடுத்து அடியில் ஒட்டுங்கள். நான்கு கால் வேண்டாம். நான்கில் ஒன்று எப்போதும் தரையைத் தொடாது, சங்கு ஆடும். ஒட்டிய கையோடு பிளாஸ்டிக் தாள் விரித்த மேசையில் வைத்து லேசாக அழுத்தினால் மூன்று காலும் சமமாகும். வயிற்றின் அடிப்பகுதி மேசையிலிருந்து 8 முதல் 10 மி.மீ. எழும்பி நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் துளை வாயில் தண்ணீர் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

புட்டி உறையில் எழுதிய நேரம் எதுவானாலும் ஓர் இரவு விட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அவசரம் கூடாது.

6. உள்சுருளை அடைத்தல்

இணையத்துச் செய்முறைகளில் பெரும்பாலும் இந்தப் படி இருக்காது. வறண்ட ஊர்களில் இது இல்லாமலும் ஒப்பேற்றலாம். சிங்கப்பூரில் முடியாது.

சங்கின் வயிற்றுக்குப் பின்னால் நடுத்தண்டைச் சுற்றி அறை மேலேறிக்கொண்டே போகும். ஊற்றும் தண்ணீரில் ஒரு பகுதி அந்த மாடிப்படியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எப்படிச் சாய்த்தாலும் முழுதாக வடியாது, ஏனென்றால் சுருளில் ஒரு பக்கம் வடிய மறுபக்கம் பள்ளமாகிவிடும். அந்தத் தண்ணீர் அழுகும். ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணயம் அளவு தேங்கிய தண்ணீரே போதும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம்.

வெள்ளை சிமென்ட் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. அளவைக் கரண்டியால் எடுத்துத் தோசைமாவுப் பதத்துக்குக் கலக்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சிமென்ட் காரத்தன்மை உடையது. சங்கைக் கூர்முனை கீழே இருக்கும்படி மணல் நிரப்பிய கோப்பையில் செருகி நிறுத்துங்கள். புனல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் சங்கை மெதுவாகத் திருப்பித் தட்டுங்கள். காற்றுக் குமிழி மேலே வரும். வயிற்றறை தொடங்கும் இடம்வரை நிரம்பியதும் நிறுத்திவிடுங்கள்.

சற்று நேரத்தில் சிமென்ட் கட்டியாகத் தொடங்கும். அப்போது சாப்ஸ்டிக்கால் அதன் முகத்தை வயிற்றின் தாழ்ந்த இடத்தை நோக்கிச் சரிவாக வழித்துவிடுங்கள். இந்தச் சரிவு இல்லையென்றால் சிமென்டின் விளிம்பிலேயே ஒரு குட்டிக் குளம் உருவாகும். ஒரு நாள் முழுதும், முடிந்தால் இரண்டு நாள், இறுகவிடுங்கள்.

சிமென்டின் கனம் முனைப்பக்கத்துக்கு எடை தரும். செடி வளர்ந்து வாய்ப்பக்கம் கனத்தாலும் சங்கு எளிதில் கவிழாது.

துளைத்த பிறகு சிமென்ட் ஊற்றினால் துளைக்குள்ளும் வழிந்து அடைத்துவிடும். அதனால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

7. துளையிடுதல்

முதலில் இடம் கண்டுபிடிக்க வேண்டும். சங்கை அதன் கால்களில் நிறுத்தி, உள்ளே ஒரு மூக்குக்கடலையை உருட்டிவிடுங்கள். அது போய் நிற்கும் இடமே தாழ்ந்த இடம். விரலை உள்ளே வைத்து அந்த இடத்தைத் தொட்டபடி, மறுகையால் வெளிப்புறத்தில் பென்சில் புள்ளி வையுங்கள். மெல்லிய ஓடாக இருந்தால் விளக்கணைத்துக் கைப்பேசி டார்ச்சை உள்ளே காட்டினால் கடலையின் நிழல் வெளியே தெரியும்.

சங்கைக் கவிழ்த்து, நனைத்த தடித்த துண்டின்மேல் அசையாமல் வையுங்கள். புள்ளிக்கு நேர் உள்பக்கத்தில் பிளாஸ்டிசினை அழுத்தி ஒட்டுங்கள். பிட் வெளியேறும்போது உள்பக்க ஓடு செதிலாகப் பெயராமல் அது தாங்கும். வெளியே புள்ளியைச் சுற்றிப் பிளாஸ்டிசினால் குட்டி வரப்புக் கட்டி, அதற்குள் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் தூளைப் பறக்கவிடாது, பிட்டையும் சூடாகவிடாது.

டிரில்லின் சுத்தியல் முறை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் ஆணியடித்த பிறகு அதை மாற்ற மறந்து, முதல் விநாடியிலேயே சங்கை இரண்டாக்குவது அடிக்கடி நடப்பது. வேகம் மிகக் குறைவாக.

குழல் பிட்டுக்கு நடுமுனை கிடையாது. நேராக வைத்தால் வழுக்கிப் போய் ஓட்டின் மேல் கோடு கிழிக்கும். 45 பாகை சாய்த்துத் தொடங்கி, பிறைபோல் ஒரு பள்ளம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். டிரில்லின் எடையே போதும், அழுத்த வேண்டாம். 15, 20 விநாடிக்கு ஒருமுறை தூக்கி, வெள்ளைச் சேறாகிவிட்ட தண்ணீரை மாற்றுங்கள். 5 மி.மீ. தடிமன் உள்ள ஓட்டுக்குச் சில நிமிடங்கள் ஆகும். பொறுமை தீர்ந்து அழுத்தத் தோன்றும் கடைசி அரை நிமிடத்தில்தான் ஓடுகள் உடைகின்றன.

இதேபோல் 2 செ.மீ. தள்ளி இரண்டாவது துளை. ஒரு துளையை வேரோ கல்லோ அடைத்தாலும் மற்றது வேலை செய்யும்.

இந்த வேலையைக் காரிடாரில் செய்யாமல் சர்வீஸ் யார்டில் வைத்துக்கொள்ளுங்கள். வாரநாள் பகல் நேரம் நல்லது. அண்டைவீட்டில் குழந்தை தூங்கும்.

8. தராசுச் சோதனை

உலர்ந்த சங்கைத் தராசில் வைத்து எடையைக் குறியுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் அதன் கால்களில் நிறுத்தி 100 மி.லி. தண்ணீர் ஊற்றி, அசைக்காமல் ஒரு நிமிடம் விட்டு, மறுபடி எடை போடுங்கள். 1 கிராம் என்றால் 1 மி.லி.

5 கிராமுக்குள் கூடியிருந்தால் அது ஓட்டில் ஒட்டிய ஈரம், கவலையில்லை. 10 கிராமுக்கு மேல் என்றால் எங்கோ குளம் இருக்கிறது. டார்ச் அடித்துத் தேடுங்கள். சிமென்ட் விளிம்பில் இருந்தால் எப்பாக்சி புட்டியால் நிரப்பிச் சரிவாக்கலாம். வயிற்றிலேயே இருந்தால் துளை சற்று மேலே விழுந்திருக்கிறது. ஒரு காலின் அடியில் மெல்லிய புட்டி வில்லை ஒட்டி, துளை இருக்கும் பக்கம் தாழும்படி சாய்த்துச் சரிசெய்யலாம்.

தேறியதும், துளையோடு சேர்த்து மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள். புதுச் சிமென்டின் காரம் இறங்கும். பிறகு நிழலில் காய வைத்து, மறுபடி எடை பார்த்துக் குறித்துவையுங்கள்.

9. வார்னிஷ்

தேவையில்லை. வெயிலில் மஞ்சளாகும். பளபளப்பு வேண்டுமென்றால் வெளிப்புறத்தில் மட்டும் இரண்டு சொட்டு பேபி ஆயிலைத் துணியால் தேயுங்கள்.

10. செடி

கடைகளில் ரோஜாப்பூபோல் விரிந்து மயக்கும் எச்செவேரியாதான் எல்லாரும் முதலில் எடுப்பது. அதுதான் முதலில் சாவதும். அது மலைநாட்டுச் செடி. குளிர்ந்த இரவு வேண்டும். சக்குலன்ட்களில் பல இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். 25 பாகை செல்சியசுக்குக் கீழே எளிதில் இறங்காத நம் இரவுகளில் அது திணறும். போதிய வெயிலும் இல்லாவிட்டால் கழுத்து நீண்டு உருக்குலையும். லித்தாப்ஸ், செம்பெர்விவம் இரண்டும் இன்னும் மோசம்.

ஹவார்த்தியாவும் கேஸ்டீரியாவும் இங்கே சலிக்காமல் வாழும். மெதுவாக வளர்வதால் சங்குக்கு இரண்டு மூன்று ஆண்டு பொருந்தி இருக்கும். நேர்வெயிலும் கேட்காது. ஓரத்தில் தொங்கவிட ஏதாவது வேண்டுமென்றால் கிராப்டோபெட்டலம் கிளைத்துண்டு ஒன்று; அதற்கு மட்டும் வெளிச்சம் தாராளமாக வேண்டும். குட்டைச் சான்சிவேரியா எளிது என்றாலும் அதன் நிலத்தடித் தண்டு தடித்துப் பிளாஸ்டிக் தொட்டியையே பிதுக்கிவிடும். மெல்லிய ஓடு தாங்காது.

2024 செப்டம்பர் முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்கலாம் என்றாகிவிட்டது. பூனை இருக்கும் வீட்டில் கலஞ்சோ, ஜேட் செடி இரண்டும் வேண்டாம், அவை அதற்கு நஞ்சு. ஹவார்த்தியா தீங்கில்லாதது.

10 செ.மீ. சங்குக்கு ஒரு செடி, மிஞ்சினால் இரண்டு. படம் எடுக்க ஆறு செடி திணித்தால் நடுவில் காற்று நுழையாது, அழுகல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும்.

வாங்கிவந்த அன்றே தொட்டியிலிருந்து எடுத்து, வேரைச் சுற்றிய தென்னைநார்த் தூள் முழுவதையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிடுங்கள். கொஞ்சம் ஒட்டியிருந்தால் என்ன என்று விடாதீர்கள். புதுக் கலவை காய்ந்த பிறகும் அந்த உருண்டை மட்டும் நடுவில் ஈரமாக இருக்கும், வேர் கழுத்து அங்கேதான் இருக்கிறது. பழுப்பான, பிசுபிசுக்கும் வேர்களைக் கத்தரித்துவிட்டு, செய்தித்தாளின் மேல் நிழலில் 4 நாள். வெட்டுக்காயங்கள் காய்ந்து தோல் மூட வேண்டும். இலை கொஞ்சம் சுருங்கினால் பயப்படாதீர்கள்.

11. கலவை

சங்கின் கொள்ளளவை அரிசி கொட்டி அளந்துகொள்ளுங்கள். 200 மி.லி. பிடிக்கும் சங்குக்கு: 2 முதல் 5 மி.மீ. பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) 120 மி.லி., பெர்லைட் (சூட்டில் பொரிந்த வெள்ளை எரிமலைத் துகள்) 40 மி.லி., சாதாரணத் தொட்டிமண் 40 மி.லி. அதாவது ஐந்தில் நான்கு பங்கு கல். ‘சக்குலன்ட் மண்’ என்று பொட்டலத்தில் விற்பவற்றில் பல பாதிக்கு மேல் தென்னைநார்த் தூள். அதை வாங்கினால் சம அளவுக்கும் மேலே பியூமிஸ் சேர்க்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் தேநீர் வடிகட்டியில் சலித்துத் தூளைக் கொட்டிவிடுங்கள். தூள்தான் கீழிறங்கித் துளையில் சேறாகப் படியும். கடல் மணல் கூடாது, உப்பு.

அடியில் கூழாங்கல் அடுக்கு வேண்டாம். நல்ல வடிகால் என்று பலர் போடுகிறார்கள், விளைவு நேர்மாறு. நுண்ணிய கலவை நன்றாக நிரம்பி வழியும்வரை தண்ணீர் கீழேயுள்ள பெரிய கல்லுக்கு இறங்காது. ஈரப்பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். 5 செ.மீ. ஆழமே உள்ள சங்கில் அந்த இழப்பு பெரிது. துளைமேல் கொசுவலைத் துண்டு ஒன்று போதும்.

12. நடுதல்

கலவை உலர்ந்திருக்கட்டும். வலைத்துண்டை வைத்து, மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, செடியைப் பிடித்தபடி சுற்றிலும் கலவையை விடுங்கள். சாப்ஸ்டிக்கால் மெதுவாகக் குத்திக் குத்தி வேர்களுக்கிடையே இறக்குங்கள். கையால் அமுக்க வேண்டாம்.

அடியிலை கலவையைத் தொடாமல், வேர் தொடங்கும் இடம் மேற்பரப்போடு சமமாக இருக்க வேண்டும். கலவை வாயின் விளிம்பிலிருந்து 1 செ.மீ. கீழே நிற்கட்டும். மேலே ஒரு வரிசை சிறு பியூமிஸ் தூவலாம். வண்ணக்கல் வேண்டாம், சாயம் இறங்கும். பசை ஊற்றி ஒட்டிய கல் அடுக்கு இன்னும் மோசம், கீழே ஈரம் இருக்கிறதா என்றே தெரியாது.

இப்போது எடை போட்டு, அந்த எண்ணைச் சங்கின் அடியில் பென்சிலால் எழுதிவிடுங்கள். இதுதான் உலர்எடை.

ஒரு வாரம் தண்ணீர் கிடையாது. கிழிந்த வேர்கள் ஆற வேண்டும். நட்டதும் ‘ஒரு வாய்த் தண்ணீர்’ கொடுக்கும் பழக்கம் ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் சரி, இதற்குச் சரிவராது.

13. தண்ணீர், வெளிச்சம், மழை

‘வாரம் ஒருமுறை’ என்ற கணக்கை மறந்துவிடுங்கள். சங்கைத் தராசில் வையுங்கள். எழுதிய உலர்எடைக்கு 5 கிராம் பக்கத்தில் வந்துவிட்டதா? அதன்பின் மூன்று நாள் விட்டுத் தண்ணீர் கொடுங்கள். 200 மி.லி. சங்குக்கு 60 மி.லி., செடியின் தலையில் விழாமல் ஓரமாக. பெரும்பாலும் இது 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை அமையும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் பெய்யும்போது மூன்று வாரம்கூட ஆகலாம்.

தண்ணீர் விடும்போது கழுவும் தொட்டியில் வைத்து, சொட்டு நின்ற பிறகு எடுத்து வையுங்கள். அடித்தட்டு வைக்காமல் இருப்பதே நல்லது. தட்டில் நிற்கும் தண்ணீர் கொசுவுக்கு.

கிழக்குப் பார்த்த ஜன்னல், காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் படும் இடம் ஹவார்த்தியாவுக்கு மிகப் பொருத்தம். மேற்கு வெயில் மதியத்தில் இலையைச் செங்கல் நிறமாக்கும். வெளிச்சமே வராத வீடு என்றால் வெள்ளை எல்இடி விளக்கு 30 செ.மீ. உயரத்தில், நாளுக்குப் 10 முதல் 12 மணி நேரம்.

காரிடாரில் வைப்பவர்கள் சாரலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரும் சுமத்ரா புயற்காற்று மேற்கிலிருந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்னால் வந்து அடிக்கும். நீங்கள் எழுவதற்குள் மேற்குப் பக்கத்துக் காரிடார்த் தொட்டிகள் நனைந்திருக்கும். சுவரோரம் உள்தள்ளி, நடைவழியில் 1.2 மீட்டர் விட்டு வையுங்கள். கைப்பிடிச் சுவர்மேல் ஒருபோதும் வேண்டாம். சிமென்ட் நிரப்பிய சங்கு பத்தாவது மாடியிலிருந்து விழுந்தால் உயிர்ப்பலி.

உரம்: பொட்டலத்தில் சொன்னதில் கால் பங்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அவ்வளவுதான்.

14. கோளாறு வந்தால்

அடியிலைகள் ஈரமாக, கண்ணாடிபோல் தெரிந்தால் தண்ணீர் அதிகம். அன்றே பிடுங்கி, கறுத்த பகுதியை வெட்டி, வெட்டிடம் வெளிர்நிறமாக வரும்வரை மேலே போங்கள். ஒரு வாரம் காயவைத்து மறுபடி நடலாம். காயட்டும் என்று சங்கிலேயே விட்டுவைத்தால் பிழைக்காது.

அடியிலைகள் காகிதம்போல் உலர்ந்து சுருங்கினால் அது இயல்பு. மேலிலைகளும் சேர்ந்து சுருங்கினால் தாகம். ஆனால் கலவை ஈரமாக இருந்தும் மேலிலை சுருங்குகிறதென்றால் வேர் செத்துவிட்டது, தண்ணீரால் தீராது.

இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு: மாவுப்பூச்சி. 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்துத் தொட்டெடுங்கள். நான்கைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. முதல் முறையில் முட்டைகள் தப்பிவிடும்.

துளையோரம் வெள்ளைப் படிவு தெரிந்தால் அது சுண்ணாம்பும் உர உப்பும். துலக்கியால் தேய்த்துவிடலாம். சங்கு கரைந்து மண்ணைக் காரமாக்கிவிடுமோ என்ற கவலை வேண்டாம், அது மிக மெதுவாக நடப்பது. ஹவார்த்தியாவுக்குத் தொந்தரவில்லை.

சங்கிலிருந்து மறுபடி வாடை வந்தால் தராசுச் சோதனைக்குத் திரும்புங்கள். தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு எடை முன்பைவிட 20, 30 கிராம் கூடுதலாக நிற்கிறதென்றால் துளை அடைபட்டிருக்கிறது. அடியிலிருந்து ஒரு பல்குச்சியை விட்டுக் குத்திப் பாருங்கள். வழி திறக்கவில்லையென்றால் செடியை எடுத்துவிட்டு, வலைத்துண்டை மாற்றி, புதுக் கலவையில் நட வேண்டியதுதான்.

நட்டு ஒன்றரை ஆண்டானால் எப்படியும் கலவையை மாற்றுங்கள். தொட்டிமண் அதற்குள் மக்கித் தூளாகியிருக்கும், வடிகால் பாதியாகக் குறைந்திருக்கும்.